ஒரு வாக்குக்காக இன்வெர்னஸிலிருந்து வெம்பிளி வரை

ஜனவரி மாதத்தில், அதுவும் பனி கொட்டப்போகிறது என்று வானிலைக்காரர் மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருக்கும்போது, ஸ்கொட்லாந்தின் வடக்கிலிருந்து லண்டனுக்குப் புறப்படுகிறவனுக்கு ஒன்றில் கல்யாணவீடு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் செத்தவீடு இருக்கவேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. நான் போனது வாக்குப் போட. எங்கள் ஊர்ச்சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம், ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெம்பிளியில் ஒரு பாடசாலை மண்டபத்தில். தபாலில் போடலாமா, வீடியோவில் கை உயர்த்தலாமா என்று கேட்டு இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். இரண்டுக்கும் ஒரே பதில்: சங்கத்தின் யாப்பு விதிகளில் இடமில்லை, நேரில் வரவும்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்வெர்னஸில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. கல்யாணம் கட்டவில்லை. இந்த நாட்டில் எனக்கென்று சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. லீவு கிடைக்கும்போது பஸ்ஸிலும் படகிலும் ஏறி எங்காவது போய்வந்து இங்கே எழுதுவேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அங்கத்தவர் ஒருவர் இந்த நாட்டின் எந்த மூலையில் கண்ணை மூடினாலும், லண்டனிலிருந்து ஆறு பேர் ஒரு வான் வண்டியில் ஏறி வருவார்கள். ஆஸ்பத்திரியில் பேசி, கவுன்சில் பத்திரங்களை நிரப்பி, சைவம் என்றால் ஐயரையும் வேதம், அதாவது கிறிஸ்தவம், என்றால் சுவாமியாரையும் கூட்டிவந்து, கடைசிவரை நின்று அனுப்பிவைப்பார்கள். பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்கு இது ஒரு கைகொடுப்பு. என்னைப் போன்றவனுக்கு இதுதான் எல்லாம். அவர்கள் வராவிட்டால் கவுன்சில்காரர் தங்களுக்கு வசதியான ஒரு காலையில், ஒரு குரல்கூட இல்லாமல் எரித்துவிடுவார்கள். சாவு வரட்டும், அதற்கு நான் பயப்படவில்லை. அந்தக் காலையை நினைத்துத்தான் பல நாள் நித்திரை வராமல் கிடந்திருக்கிறேன்.

இந்த வருடம் செயலாளர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனி இந்தச் சேவை லண்டனைச் சுற்றி ஓடுகிற எம் 25 வட்டச்சாலைக்கு உள்ளே வசிக்கிறவர்களுக்கு மட்டும். காரணம் இல்லாமல் இல்லை: வானில் வருகிற ஆறு பேருக்கும் வயதாகிவிட்டது, போன குளிர்காலத்தில் ஒருவர் வழியில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். எல்லாம் சரிதான். ஆனால் வட்டத்துக்கு வெளியே இருக்கிற நாங்கள் என்ன செய்வது? போன மாதம் இங்கே சூடாக ஒரு பதிவு எழுதினேன், ஞாபகமிருக்கும். "எங்கே இருந்தாலும் புறப்பட்டு வாருங்கள், நேரில் நின்று எதிர்ப்போம்" என்று. வீராப்புக்குக் குறைவில்லை.

சனிக்கிழமை காலை 7.55 ரயில். இன்வெர்னஸிலிருந்து மாறாமல் நேரே லண்டனுக்கு ஓடுகிற பகல் ரயில் இது. ஏறத்தாழ 570 மைல், எட்டு மணித்தியாலம். ஆறு வாரத்துக்கு முன்பே பதிந்ததால் ஒருவழிக்கு 74 பவுண். கிழக்குப் பக்கம், அதாவது போகும் திசைக்கு இடதுபக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள்; எடின்பரோ தாண்டியதும் கடல் கூடவே வரும். எனக்கு அன்று கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. ஒரே வெள்ளை. பெர்த்துக்கு இப்பால் தண்டவாளத்தில் பனி தள்ளுகிறார்கள் என்று ஒரு மணி ஐம்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். எனக்குப் பக்கத்து இருக்கை லண்டன் வரை காலியாகவே வந்தது. வேறு நாளாக இருந்தால் காலை நீட்டலாம் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். அன்று யாராவது வந்து உட்காரமாட்டார்களா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசலைப் பார்த்தேன்.

கிங்ஸ் குரோஸில் இறங்கும்போது மாலை ஆறு. அங்கிருந்து மெட்ரோபொலிட்டன் லைனில் வெம்பிளி பார்க் இருபத்தைந்து நிமிடம். மாற வேண்டியதில்லை. அறை ஒரு கடைக்கு மேலே, ஓரிரவு 55 பவுண், ஹீட்டர் வேலை செய்தது, துவாய் கேட்டால்தான் தருவார்கள். கீழே சாப்பாட்டுக்கடையில் இடியப்பம், சொதி, சம்பல் ஆறரைப் பவுண். கடைக்காரர் தமிழில் "இன்னும் சொதி விடவோ?" என்று கேட்டார். அந்த வாரத்தில் என்னிடம் ஒருவர் தமிழில் பேசிய முதல் வசனம் அது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே "ஓம், விடுங்கோ" என்றேன்.

ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தால் தெருவெல்லாம் அரையடிப் பனி. லண்டனுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒருவரும் தொப்பியைக்கூடத் தேடமாட்டோம். இங்கே நாலு விரற்கடை விழுந்தாலே ஊர் படுத்துவிடும். பஸ் நிறுத்தத்தில் இருபத்திரண்டு நிமிடம் நின்று, வராது என்று தெரிந்ததும் நடந்தேன். ஒன்றேகால் மைல், முப்பத்தைந்து நிமிடம்.

பத்து மணிக் கூட்டத்துக்கு நான் ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, முட்டாள்தனத்துக்குச் சொல்கிறேன். மண்டபம் பூட்டிக் கிடந்தது. திறப்பு வைத்திருப்பவரின் கார் நோர்த் சர்க்குலர் வீதியில் சிக்கிவிட்டதாம். பத்தேகால், பத்தரை... சனம் வந்துகொண்டே இருந்தது, திறப்பு மட்டும் வரவில்லை. கடைசியில் பத்து ஐம்பதுக்குத் திறந்தார்கள். திறந்தும் என்ன, உள்ளே விடவில்லை. முதலில் பதிவு. வாசல் சுவரில் நாலு கடதாசி ஒட்டினார்கள். இங்கேதான் கதையே.

வேறு எந்தச் சங்கமாக இருந்தாலும் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் வரிசை பிரிப்பார்கள். எங்கள் சங்கம் ஊரின் குறிச்சியை வைத்துப் பிரிக்கும். சந்தையடி, புளியடி, கோயிலடி, துறையடி. முப்பது வருடமாக வெம்பிளியிலும் குரோய்டனிலும் இருந்தாலும், உனக்குச் சங்கத்தில் விலாசம் அந்த நாலில் ஒன்றுதான். நான் பிறந்து வளர்ந்தது அம்மாவின் சீதன வீட்டில், புளியடியில். ஆகவே புளியடி வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், நீலக் கோட்டு, தலையில் கம்பளிச் சால்வை. என் முதுகுப்பையை ஒருமுறை பார்த்தார், முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நீங்கள்தானே அந்தப் பயணம் எழுதிற ஆள்? இன்வெர்னஸ்?"

எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த வலைப்பதிவை வாசிக்கிற ஒருவரை நேரில் கண்டது அதுதான் முதல் தடவை. அவர் பெயர் திரேசா. வேல்ஸில் ஸ்வான்சியிலிருந்து முதல்நாள் கோச் பஸ்ஸில் வந்திருந்தார், ஐந்தரை மணித்தியாலம். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கணவர் போய் நாலு வருடம்.

"அவற்ற செத்தவீட்டுக்கு ஆறு பேரும் வந்தவை தம்பி. எங்கட சேர்ச்சிலை தமிழிலை பாட்டுப் படிச்சவை. உந்த வெள்ளைச் சுவாமியாருக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஆனா கண் கலங்கிப் போச்சு," என்றார். பிறகு சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கும் அப்பிடி ஆரும் நிண்டு படிக்க வேணும். நீங்கள் எழுதினதை வாசிச்சுத்தான் வெளிக்கிட்டனான். இல்லாட்டி உந்தப் பனிக்குள்ளை ஆர் வாறது?" என்றார்.

நாங்கள் இருவரும் நாற்பத்தைந்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றோம். கால்விரல் மரத்துப்போனது, நேரம் போனது தெரியவில்லை. அவர் பெயர் பட்டியலில் இருந்தது, வாக்குப் போடுவதற்கான இளஞ்சிவப்பு அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் முறை வந்தது. மேசையில் இருந்தவர் பட்டியலை இரண்டு தடவை விரலால் தடவினார்.

"இல்லையே. நீர் ஆற்ற மகன்?"

"சிவலிங்கத்தாற்ற மகன், அண்ணை."

"கொப்பர் எவடம்?"

"அப்பா சந்தையடி. ஆனா நாங்கள் இருந்தது புளியடியிலை. அம்மாவின்ரை வீடு."

"பின்னை? தகப்பன் சந்தையடி எண்டால் நீர் சந்தையடி. அந்த லைனுக்குப் போம்."

"அண்ணை, முக்கால் மணித்தியாலம் நிண்டிட்டன். உந்தப் பட்டியலை எட்டிப் பாத்து ஒரு அட்டை தர ஏலாதோ?"

"ஏலாது தம்பி. பிறகு எல்லாரும் அப்பிடிக் கேப்பினம்."

எல்லோரும் கேட்பார்களாம்! சந்தையடிப் பட்டியல் அவருடைய முழங்கையிலிருந்து இரண்டு அடி தள்ளி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பனி உருகியிருக்க வேண்டும். ஆனாலும் போய்ச் சந்தையடி வரிசையின் வாலில் நின்றேன். இன்னும் முப்பத்தைந்து நிமிடம். இந்த முறை பேச்சுத்துணை இல்லை. முன்னால் நின்றவர்கள் தங்களுக்குள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். நான் அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அட்டையோடு உள்ளே நுழையும்போது பன்னிரண்டே கால். இருநூறு கதிரை போட்ட மண்டபத்தில் முந்நூறுக்கு மேல் சனம். விளக்கேற்றி, மௌன அஞ்சலி முடித்து, ஆண்டறிக்கையை ஒருவர் ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒலிவாங்கி அரைவாசிச் சொல்லை விழுங்கியது. நடுவில் ஒரு நடைபாதை. அதற்கு அந்தப்பக்கம் ஹீட்டர் வேலை செய்தது. இந்தப்பக்கம், வாசலோரம், வேலை செய்யவில்லை. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் பனிக்காற்று நேரே முகத்தில் அடித்தது. திரேசா அக்கா வாசலோரம் ஒரு கதிரையில் கோட்டோடு இருந்தார். தன் கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்து எனக்காக இடம் பிடித்திருந்தார். நான் அதை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன்.

"டேய் பாலன்! இஞ்சால வாடா!"

திரும்பினேன். யோகன். முப்பது வருடத்துக்கு முன் குரோய்டனில் ஒரே அறையில், ஒரே மெத்தையில் தலைமாடு கால்மாடாகப் படுத்து, அங்கிருந்த குடிவரவு அலுவலகத்து வரிசையில் விசாவுக்காக மாறிமாறி நின்ற யோகன். இன்று அவனுக்கு மூன்று கடை. மகளைச் செயலாளரின் மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறான். மூன்று வருடமாக ஒரு போன் இல்லை. ஆனால் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டான். என் பெயரை "டா" போட்டுக் கூப்பிட இந்த நாட்டில் அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

திரேசா அக்காவுக்கு "ஒரு நிமிசம்" என்று கையால் காட்டிவிட்டுப் போனேன். சும்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்றுதான். அவன் கட்டிப்பிடித்தான். தன் ஜாக்கெட்டை எடுத்துவிட்டு இடம் தந்தான். பிளாஸ்கிலிருந்து இஞ்சிப் பிளேன்ரீ ஊற்றித் தந்தான். என் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, "ஐயோ, ஐஸ் மாதிரிக் கிடக்கு," என்றான். பழைய கதை ஒன்றைச் சொன்னான், நானும் சிரித்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அப்போது தலைவர் அறிவித்தார். வாக்குச்சீட்டு இருநூறுதான் அச்சடித்தார்களாம், போதாதாம். இரண்டு மணிக்கு மண்டபத்தைக் கையளிக்க வேண்டுமாம். ஆகவே இரகசிய வாக்கெடுப்பு இல்லை. "தீர்மானத்துக்கு ஆதரவானவை ஹீட்டர் பக்கம் இருங்கோ. எதிரானவை வாசல் பக்கம் போங்கோ. ஐஞ்சு நிமிசம் தாறம், பிறகு தலையை எண்ணுவம்."

மண்டபம் இரைந்தது. எங்கள் ஆட்களைத் தெரியாதா? சம்மந்தி அந்தப்பக்கம் இருக்கும்போது இந்தப்பக்கம் எழும்பிப் போகிறவர் எத்தனை பேர்? மருமகன் பார்க்கிறான், மச்சாள் பார்க்கிறாள். காலையில் பூட்டிய கதவடியில் என்னோடு சேர்ந்து தீர்மானத்தைத் திட்டியவர்கள் இரண்டு பேர் இருந்த இடத்திலேயே சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார்கள். ஆனாலும் சிலர் எழும்பிப் போனார்கள், மனைவி இருக்கக் கணவன் போனார். நானும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பப் போனேன்.

யோகன் என் தொடையில் கையை வைத்தான்.

"எங்கை போறாய்?"

"மச்சான், நான் எதிர்க்கத்தானே வந்தனான். இன்வெர்னஸ் வட்டத்துக்கு வெளியிலை."

"விசரா நீ? உனக்கு நான் இருக்கிறன்தானே? நீ கண்ணை மூடினால் நான் வரமாட்டனே? இரு. இவ்வளவு நாளைக்குப் பிறகு கண்டிருக்கிறம், என்னை விட்டிட்டு அங்கை போய் இருக்கப் போறியே?"

அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் போன் எடுக்காதவன், மூன்று கடையையும் விட்டுவிட்டு 570 மைல் வருவானா? சத்தியமாக, ஒரு கணம்கூட நான் அதை நம்பவில்லை. ஆனால் அந்தக் கை தொடையில் இருந்தது. சூடாக இருந்தது. ஒரு மனிதர் என்னைத் தொட்டு எத்தனை மாதம் என்று அந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கையை எடுத்துவிட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

நடைபாதைக்கு அப்பால் திரேசா அக்கா பையைத் தூக்கி மடியில் வைத்து, காலிக் கதிரையைத் தட்டிக் காட்டினார். நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். எண்ணுகிறவர் வந்தார். யோகனின் தலையைத் தொடுவதுபோல் விரலை நீட்டினார், அடுத்து என் தலை.

ஆதரவு 163, எதிர் 158. தீர்மானம் நிறைவேறியது. நான் எழும்பிப் போயிருந்தாலும் நிறைவேறித்தான் இருக்கும். திரும்பிவந்த ரயிலில் அந்தக் கணக்கை நூறு தடவை போட்டுப் பார்த்தேன். ஆறுதல் வரவில்லை.

முடிவை அறிவித்ததும் யோகன் எழும்பினான். பனி கூடுகிறதாம், காரை எடுக்க வேண்டுமாம். "போன் அடிக்கிறன் மச்சான்," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். சங்கம் கொடுத்த சாப்பாட்டுப் பார்சல்கூட எடுக்கவில்லை. அவன் போனபிறகு நான் அந்தச் சூடான பக்கத்தில் ஒருவரையும் தெரியாமல் நின்றேன்.

வாசலில் திரேசா அக்கா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒளிந்து போக வழியில்லை, இருந்தது ஒரே கதவு.

"அந்தப் பக்கம் இருந்தனீங்கள், என்ன தம்பி," என்றார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் முதுகுப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"குளிராலையே?"

"ஓம் அக்கா. குளிர். காலெல்லாம் விறைச்சுப் போச்சு."

"அதுதானே. வாசல்பக்கம் எனக்கும் ஏலாமத்தான் கிடந்தது," என்றார். கோச்சுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பனிக்குள் இறங்கிப் போனார். இன்வெர்னஸ்காரனுக்கு லண்டன் குளிர் தாங்கவில்லையாம். அதை அவர் நம்பவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

இனி, இதேபோல வெளியூரிலிருந்து கூட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு. முதல்நாளே போய்விடுங்கள், குளிர்காலத்தில் அன்று காலை ரயிலை நம்பவேண்டாம். நல்ல சப்பாத்து, இரண்டு சோடி காலுறை. எந்தக் குறிச்சியில் உங்கள் பெயர் இருக்கிறது என்று ஒரு கிழமைக்கு முன்பே போன் பண்ணிக் கேட்டு வையுங்கள். அம்மாவின் வீடா அப்பாவின் வீடா என்று வாசலில் வைத்து வாதாடாதீர்கள். சொன்ன நேரத்தோடு ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் வயிறாரச் சாப்பிடுங்கள். திரும்புகிற ரயிலைக் கூட்டம் நடக்கிற நாளுக்கே பதியாதீர்கள். நான் திங்கள் மதியம் திரும்பினேன், 68 பவுண். எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்கெடுப்பு முடியும்வரை கனகாலம் காணாத சிநேகிதன் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். அவன் கெட்டவன் இல்லை. நீங்கள் தனிமையில் இருப்பவர் என்றால் உங்களை நீங்களே நம்ப ஏலாது, அவ்வளவுதான்.

திரேசா அக்கா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். குளிர் இல்லை அக்கா. நான் சொன்னது பொய்.

ஸ்வான்சிக்கு வழி பார்த்து வைத்திருக்கிறேன். இன்வெர்னஸில் காலை ஏழுக்கு முன் ஏறினால், மூன்று இடத்தில் மாறி, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அன்றே டிக்கெட் வாங்கினால் விலை கூட, அதைப் பற்றிக் கவலை இல்லை. எனக்குப் பாட்டுப் படிக்க வராது, ஆனால் தமிழில் செபப் புத்தகம் பார்த்து வாசிப்பேன். என் எண்ணை உங்கள் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். பனி விழுந்தால் ரயில் பிந்தும், நான் வந்து சேரும்வரை உங்களை அடக்கம் செய்யவேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.